கதவு மாறித் தட்டியவன்

அத்தியாயம் 7

மோட்டல் அறையின் ஜன்னல் திரையை யாரும் விலக்கவில்லை. வெளியே நல்ல பகல்தான். ஆனால் மலைக்காட்டில் ஒரு வாரமாகத் தீ எரிந்துகொண்டிருந்ததால், அந்தப் பகலும் அழுக்கு மஞ்சள் துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

ஹானா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றவில்லை. ஒன்பது வயது மகள் ஜூனி தரையில் படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கார்ட்டூன் பார்த்தாள். சத்தத்தைக் குறைத்தது அம்மா அல்ல, அவளேதான். எந்த ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் செய்வது அதுதானாம். மிலோ ஒரு ஜோக் சொல்ல வாயெடுத்தவன், அதைக் கேட்டதும் விழுங்கிக்கொண்டான்.

மிலோ ஒகாடா, துப்பறியும் லெனோரா ஹாகனின் உதவியாளன். அதற்கு முன்பு பீட்சா டெலிவரி செய்தவன். லெனோரா பாதி ஆயுளை ஷெரீஃப் அலுவலகத்தில் கழித்துவிட்டு, மீதியைத் தன் இஷ்டப்படி கழித்துக்கொண்டிருப்பவள். இப்போது அவள் கதவில் சாய்ந்து நின்று, காகிதக் கோப்பையில் ஆறிப்போன காபியை வெறுப்போடு குடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில திட்டத்து ஆளுங்க வண்டி அனுப்பறாங்க," என்றாள். "புது ஊர், புது வீடு."

"நாலாவது ஊரு." ஹானா தலை நிமிரவில்லை. "நான் வரல லெனோரா. அவன்கிட்டயே திரும்பிப் போயிடறேன். அங்கன்னா அடி எந்தப் பக்கத்துல இருந்து வரும்னாவது தெரியும்."

டிவியில் ஒரு முயல் ஓசையில்லாமல் பாறையிலிருந்து விழுந்தது.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தலைநகரில் ஒரு தபால் பெட்டி எண். ஹானாவின் ஓட்டுநர் உரிமம், ஜூனியின் பள்ளிப் பதிவு, கரண்ட் பில், எல்லாவற்றிலும் அந்த எண்தான் இருக்கும். வரும் தபாலை அரசு ஊழியர்கள் உறை மாற்றி உண்மையான வீட்டுக்கு அனுப்புவார்கள். முகவரி மறைப்புத் திட்டம் என்று பெயர். அடித்த கணவனிடமிருந்தும், நிழல் மாதிரி பின்னால் வருகிறவனிடமிருந்தும் தப்பியவர்களைச் சுற்றி அரசாங்கம் எழுப்பும், கண்ணுக்குத் தெரியாத சுவர். ஹானாவின் கணவன் டேரில் அந்தச் சுவரைத் தாண்டி இரண்டு முறை வந்துவிட்டான். முதல் தடவை ஹானாவின் கை எலும்பு போனது. இரண்டாம் தடவை கார் எரிந்தது. நேற்று மூன்றாம் தடவை.

எப்படி வருகிறான் என்று கண்டுபிடிக்காமல் நாலாவது வீட்டுக்குப் போவதும் போகாமல் இருப்பதும் ஒன்றுதான். லெனோராவுக்கு இருந்தது இந்த ஒரு மாலைப்பொழுது.

"திட்டத்து ஆபீஸ்ல விசாரிச்சுட்டேன்," என்றாள். "உன் வீடு எங்கேன்னு தெரிஞ்சவங்க அங்க மூணே பேர். அதுல ஒரு அம்மா தன் புருஷன்கிட்டகூட எங்க வேலை பார்க்கறேன்னு சொன்னதில்லையாம்."

"சொல்லியிருந்தாலும் அந்தாளு கவனிச்சிருக்க மாட்டான் பாஸ்," என்றான் மிலோ. "புருஷனுங்க வழக்கம்."

லெனோரா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "நேத்து நடந்ததை இன்னொரு தடவை சொல்லும்மா."

ஹானா சொன்னாள். எதிர்வீட்டு ஓப்பல், பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற விதவை. அந்த ஊரில் ஹானாவோடு சிரித்துப் பேசிய ஒரே ஆள். நேற்று மதியம் ஓப்பலின் வாசலில் ஒரு சாம்பல் நிற டிரக் வந்து நின்றது. இறங்கியவன் தொப்பியும், புகைக்குப் போடும் முகமூடியும் மாட்டியிருந்தான். ஊரே முகமூடி போட்டுக்கொண்டு திரிகிற வாரம். ஆனாலும் அந்த நடையை ஹானாவுக்குத் தெரியும். சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும் ஜூனியை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியே ஓடினாள். போகிற வழியில்தான் போலீசுக்குப் போன் செய்தாள்.

"ஓப்பலை விட்டுட்டு ஓடினேன்," என்றாள் ஹானா. "அவங்க கத்தினது பின்வாசல் வரைக்கும் கேட்டுச்சு."

காலையில் லெனோராவும் மிலோவும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். படியில் தள்ளிவிடப்பட்ட ஓப்பலுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் போலீஸிடம் அவள் சொன்னது ஒன்றுதான். "இதை உனக்குக் குடுத்தது யாருன்னு கேட்டான். கடையில வாங்கினேன்னேன். பொய்னு சொல்லித் தள்ளிவிட்டான்." எதை என்று கேட்பதற்குள் மயங்கிவிட்டாள். திருட்டுச் சாமான் தகராறு என்று போலீஸ் எழுதிக்கொண்டது. டேரில் மலைக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கராஜில் நாள் முழுக்க இருந்தான் என்று சாட்சி சொல்ல நாலு பேர் தயாராக இருந்தார்கள்.

"முகவரி கிடைச்சும் வீடு மாத்திப் போயிருக்கானே, முட்டாப்பய," என்றான் மிலோ. "பாஸ், நான் மூணு வருஷம் பீட்சா தூக்கினவன். தப்பான கதவைத் தட்டறதுல ரெண்டே ரகம்தான். ஒண்ணு, கையில இருக்கிற முகவரி தப்பு. இல்லன்னா முகவரி சரி, பசிச்சவன்தான் வேற வீட்டுல இருக்கான்."

லெனோரா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"திரும்பச் சொல்லு."

"பசிச்சவன்..."

"போதும்." அவள் கதவை விட்டு நகர்ந்து வந்தாள். "ஆபீஸ்ல இருந்து கசிஞ்சிருந்தா அவன் ஹானா கதவைத் தட்டியிருப்பான். அவன்கிட்ட ஹானா முகவரி கிடையாது மிலோ. ஓப்பல் முகவரிதான் இருந்துச்சு. அவன் கதவு மாறித் தட்டல. அவனுக்குக் கிடைச்ச கதவே அதுதான்."

"அப்ப அந்தப் பாட்டியம்மாகிட்ட..."

"ஹானாவோடது ஏதோ ஒண்ணு இருக்கு. வாசல்ல நின்னாலே கண்ணுல படற மாதிரி. 'இதை உனக்குக் குடுத்தது யாரு'." அவள் ஹானாவின் பக்கம் திரும்பினாள். "என்ன குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கல. என்கிட்ட குடுக்க என்ன இருக்கு? உடுத்தியிருக்கிறதுகூட தர்மத்துக்கு வந்த துணி. போன் புதுசு. உள்ள ஏதாவது கருவி இருக்கான்னு பொம்மையைக்கூட தையல் பிரிச்சுப் பார்த்துட்டாங்க."

பேசும்போதே அவள் கை பக்கத்து மேஜைக்குப் போனது. அங்கே இன்னொரு காகிதக் கோப்பையில், தண்ணீரில், ஒரு டேலியாப் பூ நின்றது. ஓடுகிற அவசரத்திலும் ஜூனி பின்பக்கத் தோட்டத்திலிருந்து ஒடித்துக்கொண்டு வந்தது. கறுப்புக்கு நெருங்கிய சிவப்பு. ஒவ்வொரு இதழின் நுனியும் பாலில் தோய்த்தெடுத்தது போல வெள்ளை. ஹானா அடியில் வாடியிருந்த ஓர் இதழைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி, விரல்களுக்கிடையே உருட்டி உருண்டையாக்கிப் போட்டாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

லெனோரா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு என்ன பேரு?"

"பேரு கிடையாது. நானே விதை போட்டு உண்டாக்கினது. ஜூனி பொறந்த வருஷம் முதல் தடவையா பூத்துச்சு." அந்த அறையில் முதல் முறையாக அவள் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "விதையில இருந்து வர்ற டேலியா ஒவ்வொண்ணும் ஒரு புதுப் பூ. உலகத்துல இது என்கிட்ட மட்டும்தான். வீட்டை விட்டு வர்றப்ப கோட்டு பாக்கெட்ல ஒரு கிழங்கு போட்டுட்டு வந்தேன். என் பொருள்னு அது ஒண்ணுதான்..."

அவள் நிறுத்தினாள்.

"ஓப்பலுக்குக் கிழங்கு குடுத்தியா?" என்றாள் லெனோரா மெதுவாக.

"குளிருக்கு முன்னாடி தோண்டி வெச்சு, வசந்தத்துல பிரிச்சா ஒண்ணு அஞ்சாறு ஆயிடும். தூக்கிப் போட மனசு வராது. பக்கத்து வீட்டுக்குக் குடுப்போம், இல்ல வாளியில போட்டு வாசல்ல வெச்சிடுவோம். டேலியா வளர்க்கிற எல்லாருமே அப்படித்தான்..." ஹானாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "முதல் ஊர்லயும் குடுத்தேன். ரெண்டாவது ஊர்லயும்."

"மூணு தடவையும் அவன் வந்தது கோடை முடியறப்போ. இது பூக்கிற நேரம்."

"ஊரை மாத்தினீங்க, நம்பரை மாத்தினீங்க, முடிக்குச் சாயம் போட்டீங்க," என்றான் மிலோ. "கையெழுத்தை மட்டும் போற தெருவெல்லாம் நட்டுட்டுப் போயிருக்கீங்க." சொல்லி முடித்ததும் ஹானாவின் கண்ணைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

ஹானா தலையை ஆட்டினாள். "அவனுக்கு ரோஜாவுக்கும் முட்டைக்கோசுக்கும் வித்தியாசம் தெரியாது. கோவத்துல ஒரு நாள் என் பாத்தி மேல புல்வெட்டற மெஷினை ஓட்டினவன். பூவைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்க அவனால முடியவே முடியாது."

"அப்ப அவனுக்குக் கண்ணை இரவல் குடுக்கறது யாரு?"

"தெரியல," என்றாள் ஹானா. கொஞ்சம் அவசரமாகவே சொன்னாள்.

லெனோரா அதை விரட்டிப் பிடிக்கவில்லை. "ஓப்பல் இந்தப் பூவை வெளியில எங்கயாவது காட்டினாங்களா?"

"மாவட்டக் கண்காட்சியில பூப்போட்டிக்குக் கொண்டு போகட்டுமான்னு கேட்டாங்க." ஹானா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "என் பேரு எங்கயும் வராதேன்னு... சரின்னுட்டேன்."

*

கண்காட்சியின் கடைசி நாள். எண்ணெயில் பொரியும் மாவின் வாசனை, ஆட்டுக்கொட்டகை வாசனை, இவற்றின் மேல் காட்டுத்தீயின் புகை. முகமூடி போட்ட குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கொள்ளைக்காரங்க குடும்பத்தோட பிக்னிக் வந்த மாதிரி இருக்கு பாஸ்," என்றான் மிலோ. லெனோரா சிரிக்கவில்லை. அவனுமே சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த ஓப்பலின் முகம் அவன் மனசை விட்டுப் போகவில்லை.

பூக்கொட்டகையில் நீளமான மேஜைகளில் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. தேட வேண்டியிருக்கவில்லை. வாசலிலிருந்தே அந்தக் கறுஞ்சிவப்பு தெரிந்தது. பாட்டிலின் கழுத்தில் நீல ரிப்பன். முதல் பரிசு. அடியில் ஒரு சீட்டு: ஓப்பலின் முழுப்பெயரும் ஊரும்.

வைக்கோல் தொப்பி போட்ட தன்னார்வலர் ஒருவர் அவர்களிடம் வந்தார். லெனோரா சீட்டைக் காட்டினாள்.

"பேரு இப்படித் திறந்தேதான் இருக்குமா?"

"பரிசு குடுக்கற வரைக்கும் மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டிருப்போம்ங்க. நடுவருக்கு யாரு பூன்னு தெரியக் கூடாதில்ல. ரிப்பன் கட்டினப்புறம் பிரிச்சு விட்டுடுவோம். ஜெயிச்சவங்க பேரு நாலு பேருக்குத் தெரியட்டுமே."

"அந்த ஊர்ல எத்தனை ஓப்பல் இருக்கப் போறாங்க," என்று முணுமுணுத்தான் மிலோ.

"இதுல ஒரு அதிசயம் பாருங்க," என்றார் அவர், கேட்காமலேயே. "பேரில்லாத பூவுக்கு நீல ரிப்பன் கிடைக்கிறதே அபூர்வம். அதுலயும் இந்த வருஷ நடுவர் இருக்காங்களே, மாநிலத்துலயே மகா கஞ்சம். சொந்த வீட்டுப் பூவுக்கே ரெண்டாம் பரிசு குடுக்கற அம்மா. இதுக்கு ரிப்பனைக் கட்டிட்டு ஊருக்குப் போகவே இல்ல. தினமும் வந்து இது பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க. அதோ."

மேஜைக்கு அந்தப் பக்கம் பெஞ்சிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தாள். எழுபதை நெருங்குகிறவள், வெள்ளை முடி, இஸ்திரி போட்ட சட்டை. பாட்டிலின் அருகே குனிந்தாள். வாடிய அடியிதழ் ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி, விரல்களுக்கிடையே உருட்டி உருண்டையாக்கிப் போட்டாள்.

மிலோவுக்கு ஹானாவின் விரல்கள் ஞாபகம் வந்தன. அவன் லெனோராவைப் பார்த்தான். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஹானாவோட அம்மா," என்றாள் லெனோரா.

அந்தப் பெண்மணி நிமிர்ந்தாள். பயப்படவில்லை. அவள் முகத்தில் வந்தது ஆசை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"அவ உங்களை அனுப்பினாளா? எங்க இருக்கா? குழந்தை வளர்ந்துட்டாளா?"

"உங்க பேரு?"

"அடெலின். நீங்க அந்தத் திட்டத்து ஆளுங்களா? பெத்தவகிட்டயே சொல்லக் கூடாதுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்களே, அவங்களா?"

லெனோரா பெஞ்சைக் காட்டினாள். இருவரும் உட்கார்ந்தார்கள். மிலோ நின்றான்.

"வருஷா வருஷம் எல்லா ஊர்க் கண்காட்சியிலயும் நடுவரா வர்றேன்னு நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்," என்றாள் அடெலின். "இந்தப் பூவைத் தேடித்தான். அவ கிழங்கை எடுத்துட்டுப் போயிருக்கான்னு குழியைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன். அவளால அதைப் பிரிச்சுக் குடுக்காம இருக்க முடியாது. நான் வளர்த்த பொண்ணு."

"கண்டுபிடிச்சதும் டேரில்கிட்ட சொன்னீங்க."

"வேற யாருகிட்ட சொல்வேன்? ஊர்ல அவ பேரை எடுக்கிறவனே அவன் ஒருத்தன்தான். ஞாயித்துக்கிழமை ஆனா வருவான். கூரைத் தகரத்தைச் சரி பண்ணித் தருவான், என் சமையல் மேஜையில உட்கார்ந்து அழுவான். நீங்க போனா பயந்து ஓடிடுவா அம்மா, நான் போய்ப் பேசிக் கூட்டிட்டு வர்றேன்னான். ரெண்டு தடவையும் அவ ஒத்துக்கலைன்னு வெறுங்கையோட வந்தான், பாவம்."

"ரெண்டு தடவையும் என்ன நடந்துச்சுன்னு சொன்னானா?"

"கதவையே திறக்கலைன்னான்."

மிலோ பேசினான். அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "முதல் தடவை அவங்க கையை உடைச்சான். ரெண்டாவது தடவை காரை எரிச்சான். பேத்தியோட ஸ்கூல் பை உள்ள இருந்துச்சு. நேத்து, இந்தச் சீட்டுல இருக்கிற அம்மாவைப் படியில இருந்து தள்ளி இடுப்பை உடைச்சிருக்கான். உங்க பொண்ணை அவங்க காட்டிக் குடுக்கல."

"இருக்காது," என்றாள் அடெலின். "அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

"நாங்க சொல்றதை நம்ப வேண்டாம்," என்றாள் லெனோரா. "அவனையே கேளுங்க."

அடெலின் கைப்பையின் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். வெளியே ராட்டினத்தின் பாட்டு நின்று, மறுபடி ஆரம்பித்தது. பிறகு போனை எடுத்தாள். அவர்களுக்கும் கேட்கும்படி மடியில் வைத்துக்கொண்டாள்.

மணி அடித்த உடனேயே எடுத்தான். "அம்மா. நானே கூப்பிடணும்னு இருந்தேன்." இனிமையான, களைத்த குரல்.

"அவளைப் பார்த்தியா டேரில்?"

"எங்கே. அந்தக் கிழவி வாயையே திறக்கல. என்ன சொல்லிப் பார்த்தும் கடையில வாங்கினேன்னே சாதிக்கறா. பக்கத்து வீடெல்லாம் பார்த்துட்டேன். நீங்க வேற எங்கயாவது அந்தப் பூவைப் பார்த்தீங்களா? இந்தத் தடவை விட மாட்டேன்மா. அவளுக்கு ஒரு பாடம் கத்துக் குடுத்தாத்தான் ஒழுங்கா வீட்டுல இருப்பா."

ஏதோ ஒரு பெரிய வீடு உள்ளுக்குள்ளேயே இடிந்து இறங்குவது போல அடெலினின் முகம் தளர்ந்ததை மிலோ பார்த்தான். அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. பக்கத்திலிருந்த பாட்டிலைப் பார்த்தாள், ரிப்பனைப் பார்த்தாள். பேசியபோது குரல் நடுங்கவேயில்லை.

"பார்த்தேன்ப்பா. அவ எங்க இருக்கான்னே தெரிஞ்சுபோச்சு. போன்ல வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வா. பீச் பழம் வெச்சு பை சுட்டு வைக்கிறேன்."

"நீங்கதான்மா என் தெய்வம்," என்றான் அவன்.

போனை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தாள். "உங்க போலீஸை என் சமையலறையில உட்காரச் சொல்லுங்க," என்றாள் லெனோராவிடம். "நான் அவனுக்குச் சொன்னது, அவன் இப்ப சொன்னது, எல்லாத்தையும் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அவ உயிரோட, நல்லா இருக்காளா? அதை மட்டும் சொல்லுங்க," என்றாள்.

லெனோரா எழுந்தாள். சொல்லக் கூடாது என்பது திட்டத்தின் விதி. சொன்னால் அது இன்னொரு முறை யாரோ ஒருவனின் காதுக்குப் போகாது என்று யாராலும் உறுதி தர முடியாது. அந்த அம்மாவின் தோளில் ஒரு கணம் கையை வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

*

மறுநாள் காலை. பீச் பை முழுசாக ஆறுவதற்குள் டேரிலைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. ஓப்பலும் கண் விழித்துவிட்டாள். ஆனால் டேரிலுக்கு அண்ணன் இருக்கிறான், வக்கீல் இருக்கிறான், என்றாவது ஒரு நாள் விடுதலையும் இருக்கிறது. அதனால் வண்டி வாசலில் நின்றது.

லெனோரா எல்லாவற்றையும் சொன்னாள். ஹானா ஜூனியின் கோட்டுப் பொத்தான்களைப் போட்டபடியே கேட்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். "நேத்து நீங்க யாரு கண்ணுன்னு கேட்டப்பவே தெரியும். சொல்ல வாய் வரல. ஓப்பல் கண்காட்சிக்குக் கேட்டப்ப நான் வேணும்னேதான் சரின்னேன். அம்மா கண்ணுல பட்டா, நான் உயிரோட இருக்கேன்னு அவங்களுக்கு மட்டும் தெரியுமேன்னு."

அடுத்த பொத்தானைப் போட்டாள்.

"என்ன ரிப்பன்?" என்று கேட்டாள் ஹானா.

"நீலம்."

பொத்தானில் இருந்த கை நின்றுவிட்டது. "சின்ன வயசுல இருந்து அவங்க நடுவரா இருக்கிற மேஜையில பூ வெச்சிருக்கேன். எனக்கு ஒரு தடவைகூட நீலம் குடுத்ததில்ல."

அவள் ஜூனியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் நின்று, திரும்பாமலேயே மிலோவிடம் சொன்னாள். "அந்தக் கோப்பையில இருக்கிறதை நீங்க பார்த்துக்குங்க. என்னால முடியாது."

வண்டி போன பிறகு மிலோ அறைக்குள் போனான். எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை என்று உறுதி செய்வது அவன் வேலை. படுக்கையை உதறிப் பார்த்தான். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தான். கடைசியாகக் கோப்பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனான்.

பூ முழுசாக டாய்லெட்டில் இறங்காது. உட்கார்ந்து, இதழ் இதழாகப் பிய்த்துத் தண்ணீரில் விட்டான். நிறைய நேரம் ஆயிற்று. வாசலில் லெனோரா வந்து நின்றாள். அவன் ஏதாவது ஜோக் சொல்வான் என்று காத்திருந்தாள் போல.

அவன் ஃப்ளஷை அழுத்தினான்.